கூலி, டீ காசு, இனாம்: டெல்டா வீடுகளில் வேலைக்கு ஆள் வைப்பவர்களுக்கான முழு வழிகாட்டி

கூலித் தகராறு பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலம்தான் வெடிக்கும். டெல்டாவில் கட்டட வேலைக்கு வாரச் சம்பளம். கொத்தனாரும் பெரியாளும் (ஆண் உதவியாள்) சித்தாளும் (பெண் உதவியாள்) கைகால் கழுவிக்கொண்டு திண்ணையோரம் வந்து நிற்பார்கள். அப்போதுதான் "புதன்கிழமை அரைநாள்தானே?" என்று பேச்சு கிளம்பும். உற்றுப் பார்த்தால் சண்டை கூலியின் அளவைப் பற்றி இருக்காது. திங்கட்கிழமை காலையில் பேசாமல் விட்ட ஏதோ ஒன்றைப் பற்றித்தான் இருக்கும். அந்தத் திங்கட்கிழமைப் பேச்சை எப்படி முழுசாகப் பேசுவது, அதற்குமேல் யாருக்கு, எப்போது, எவ்வளவு கைக்காசு கொடுப்பது என்று இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கூலியை அடித்துப் பேசிவிட்டு, வேலை முடிந்ததும் நூறு ரூபாய் டீ காசு கொடுத்தால் கணக்கு நேராகிவிடாது. கூலி அவர்களுடைய உழைப்புக்கான விலை. இனாம் நம் சந்தோஷம். ஒன்றின் பாக்கியை மற்றொன்றில் தீர்க்க முடியாது.

கீழே வரும் ரூபாய்த் தொகைகள் கணக்குப் போடும் விதத்தைக் காட்டத்தான். தஞ்சாவூரில் ஒரு விலை, திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு விலை இருக்கும். உங்கள் தெருவில் இந்த மாதம் வேலை நடக்கும் 3 வீடுகளில் விசாரித்து, அந்தத் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: எந்த வகைக் கூலி என்று முடிவு செய்யுங்கள்

மூன்று வகை உண்டு. நாள் கூலி, அளவுக் கூலி (சதுர அடிக்கு, பாயிண்டுக்கு, மரத்துக்கு), பொருள் இல்லாமல் ஆள் மட்டும் தரும் லேபர் காண்ட்ராக்ட்.

பழைய வீட்டு ரிப்பேருக்கு நாள் கூலிதான் சரி. ஓதம் ஏறிய சுவரைக் கொத்தினால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத வேலையை அளவுக்குப் பேசினால், ஒன்று அவர் நஷ்டப்படுவார், அல்லது கெட்டுப்போன காரையை விட்டுவிட்டு மேலே பூசி மூடுவார். புதுச் சுவர், புதுப் பூச்சு, டைல்ஸ் போன்றவற்றை அளந்துவிடலாம் என்பதால் அளவுக் கூலி பேசலாம். முழு வீட்டுக்கு லேபர் காண்ட்ராக்ட். ஆனால் அதை எழுத்தில் போட வேண்டும். அதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டாம் படி: 'ஒரு நாள்' என்றால் என்ன என்று பேசுங்கள்

பொதுவாகக் காலை 9 மணிக்கு வேலையில் கை வைத்து, 1 மணிக்குச் சாப்பாடு, 5 அல்லது 5.30-க்கு ஏறக்கட்டுவார்கள். 11 மணிக்கும் 3.30-க்கும் டீ. இதில் பேசாமல் விட்டால் பின்னால் குடைவது இவைதான்:

டீயும் வடையும் யார் செலவு? வீட்டுக்காரர் வாங்கித் தருவதுதான் வழக்கம். முடியாவிட்டால் ஆளுக்கு இவ்வளவு என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

சாந்து குழைத்த பிறகு மழை வந்தால்? வேலை தொடங்கியிருந்தால் அரைநாள் கொடுப்பது நியாயம். வந்து காத்திருந்து, தொடங்காமலே திரும்பினால் பஸ் காசும் ஒரு டீ காசும். ஐப்பசி, கார்த்திகையில் இது வாரத்துக்கு இரண்டு முறை வரும் விஷயம். அதனால்தான் வெளிப்பூச்சையும் வெள்ளையடிப்பையும் அந்த இரண்டு மாதங்களில் வைத்துக்கொள்ளாதீர்கள். பூச்சும் தேறாது, கணக்கும் தேறாது.

தளம் போடும் நாள் இருட்டிய பிறகும் ஓடும். பாதியில் நிறுத்தினால் பழைய கான்கிரீட்டும் புதியதும் சேரும் இடத்தில் ஒழுகும். அதனால் யாரும் 5 மணிக்குப் போக முடியாது. இரவு 8 மணி வரை நின்றவர்களுக்கு அரைநாள் கூடுதல் என்று அன்று காலையிலேயே சொல்லுங்கள்.

சித்தாள் கூலியை மேஸ்திரியிடம் மட்டும் பேசி முடிக்காமல், "அக்கா, உங்களுக்கு நாளைக்கு இவ்வளவு, சரியா?" என்று அவரிடமும் நேராகக் கேட்டுவிடுங்கள். பெரியாள் தூக்கும் அதே பாண்டுச் சட்டியைத்தான் சித்தாளும் தூக்கி அதே சாரத்தில் ஏறுகிறார். அப்படி ஒரே வேலை பார்க்கும்போது பெண் என்பதற்காகக் குறைப்பது 1976-லேயே சட்டப்படித் தவறு என்று ஆகிவிட்டது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே விதி இருக்கிறது. ஊர் வழக்கம் என்று சொல்லி இதைத் தள்ளிவிடக் கூடாது. உங்கள் வீட்டு வேலையில் கூலியை நிர்ணயிப்பவர் நீங்கள்தான்.

மூன்றாம் படி: சதுர அடி விலையை நாள் கூலியாக மாற்றிப் பாருங்கள்

இந்த ஒரு கணக்கைப் போடத் தெரிந்தால், சொல்லும் விலை கூடவா குறைவா என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

10-க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி. நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி, ஆகச் சுவர்ப்பரப்பு 440 சதுர அடி. 3-க்கு 7 கதவு 21, 4-க்கு 4 ஜன்னல் 16. இரண்டையும் கழித்தால் 403 சதுர அடி. உட்பூச்சில் ஒரு கொத்தனாரும் ஒரு ஆளும் சேர்ந்து நாளைக்குச் சுமார் 100 சதுர அடி முடிப்பார்கள். எனவே 4 நாள் வேலை.

கொத்தனாருக்கு 1000, சித்தாளுக்கு 600 என்று வைத்தால் நாளைக்கு 1600. நான்கு நாளுக்கு 6400. அதை 403-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு ஏறக்குறைய 16 ரூபாய். இதுதான் அடிமட்டக் கணக்கு.

மேஸ்திரி 22 ரூபாய் கேட்டால் மொத்தம் 8866. கூடுதலாக 2466 ரூபாய். சாரம் அவருடையதா, கான்கிரீட் தூணைக் கொத்திவிடுவது இதில் சேர்ந்ததா, தண்ணீர் அடிப்பது யார் என்று கேளுங்கள். மூன்றும் அவர் பொறுப்பு என்றால் அந்தப் பணத்துக்கு அர்த்தம் இருக்கிறது.

ஒருவர் 13 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டால் சந்தோஷப்படாதீர்கள். மொத்தம் 5239. அடிமட்டக் கணக்கைவிட 1161 ரூபாய் குறைவு. அது எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். சித்தாள் கூலியில் பிடிப்பார்கள், அல்லது நான்கு நாள் வேலையை மூன்று நாளில் ஓட்டுவார்கள். செங்கலை நனைக்காமல், மட்டப்பலகை போடாமல் இழுத்துவிட்டால் ஆறு மாதத்தில் பூச்சு மயிர்க்கோடு விடும், தட்டினால் டொக்கு சத்தம் வரும்.

செங்கல் கட்டுக்கும் இதே முறைதான். 9 அங்குலச் சுவர் 100 சதுர அடிக்குச் சுமார் 1000 கல் போகும். ஒரு கொத்தனார் நாளைக்கு 500, 600 கல் வைப்பார். ஆகக் கிட்டத்தட்ட 2 நாள். எம்சாண்ட் இல்லாமல் ஆற்று மணல் என்றால் சலிக்க ஒரு ஆள் போகும். அந்த ஆளின் கூலியை யார் கொடுப்பது என்பதும் பேச்சில் இருக்கட்டும்.

அளவு எடுக்கும் முறையையும் முன்பே பேசுங்கள். கதவு, ஜன்னலைக் கழித்து அளந்தால் அந்த ஓரங்களைப் பூசும் வேலையைத் தனியாகச் சேர்க்க வேண்டும். கழிக்காமல் அளந்தால் ஓரத்துக்குத் தனிக் கூலி கிடையாது. இரண்டும் நியாயமான முறைதான். "கழிச்சு அளப்போம், ஓரமும் இலவசம்" என்று வீட்டுக்காரர் சொல்வதும், "கழிக்காம அளப்போம், ஓரம் தனி" என்று மேஸ்திரி சொல்வதும்தான் அநியாயம். டேப்பைப் பிடிக்கும்போது இருவரும் நின்று, அளவை இருவர் நோட்டிலும் எழுதுங்கள்.

அளவு என்பது இந்த மண்ணில் சின்ன விஷயம் இல்லை. நெல்லாகக் கூலி அளந்த காலத்தில் எந்த மரக்காலால் அளப்பது, குவித்தா தலை தட்டியா என்பதில் எத்தனையோ வயிறு காய்ந்திருக்கிறது. பண்ணையாள் பாதுகாப்புக்கென்று 1952-ல் தஞ்சாவூர் மாவட்டத்துக்குத் தனிச் சட்டமே வந்தது. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி, கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே, கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான், 1969-ல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அளவை எதிராளி கண்முன் எடுப்பது மரியாதைக்காக மட்டும் இல்லை என்பது டெல்டாவில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் படி: காண்ட்ராக்டில் எழுத வேண்டியவை

சதுர அடிக்கு இவ்வளவு என்று வாய்வழியாகப் பேசிய வீடுகளில் நடுவழியில் வேலை நிற்கக் காரணம் பெரும்பாலும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. இங்கே களிமண், அதிலும் தண்ணீர் மேலேயே நிற்கும். அஸ்திவாரம் 4 அடி என்று பேசி, தோண்டும்போது இன்னும் 2 அடி போக வேண்டியிருந்தால் அந்தக் கூலி யாருடையது? குழியில் ஊறும் தண்ணீரை இறைக்க மோட்டாரும் டீசலும் ஆளும் யார் செலவு? வெள்ளத்துக்குப் பயந்து பேஸ்மட்டத்தை ரோட்டைவிட 3 அடி தூக்கினால் உள்ளே மண் நிரப்பித் திமிசு போடுவது யார்? இந்த மூன்றுக்கும் பதிலை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பிறகு சம்பு (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், மாடிப்படி, கைப்பிடிச் சுவர், சன்ஷேடு, சுற்றுச்சுவர் ஒவ்வொன்றும் சதுர அடி விலைக்குள் வருகிறதா, தனியா என்று ஒரு வரி. கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆள், மிக்ஸர் வாடகை யார் கணக்கு என்று ஒரு வரி. கூடுதல் வேலை வந்தால் நாள் கூலி எவ்வளவு என்று ஒரு வரி. இரண்டு பக்கத்துக்குமேல் வேண்டாம். வெள்ளைத்தாளில் இரண்டு பிரதி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டாலே போதும்.

ஐந்தாம் படி: பணத்தை எப்படிப் பிரிப்பது

அச்சாரம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குமேல் வேண்டாம். பிறகு பேஸ்மட்டம், லிண்டல் (கதவு ஜன்னலின் தலைமட்டம்), தளம், பூச்சு என்று வேலை முடிய முடியக் கொடுங்கள். வேலை எப்போதும் பணத்தைவிடக் கொஞ்சம் முன்னால் போகட்டும். ரொம்ப முன்னால் போகவும் விடாதீர்கள். மேஸ்திரி கையில் காசு இல்லாத சனிக்கிழமை, முதலில் பட்டினி கிடப்பது சித்தாள் வீடு.

கடைசியில் 5 சதவீதம் நிறுத்திவைக்கலாம். ஆனால் எதற்காக, எந்தத் தேதி வரை என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மாடியில் பாத்தி கட்டி 2 நாள் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். கசியவில்லை என்றால் மறுநாளே மீதியைக் கொடுத்துவிடுங்கள். வேலை சரியாக இருந்தும் "அடுத்த மாசம் வாங்க" என்று அலையவிடுவது கூலியைத் திருடுவதுதான்.

ஆள் கணக்குக்கு ஒரு 40 பக்க நோட்டுப் போதும். தேதி, பெயர், முழுநாள் அல்லது அரைநாள், கொடுத்த முன்பணம். தினமும் சாயங்காலம் அவர்கள் பார்க்க எழுதுங்கள். மொத்தமாக மேஸ்திரிக்கு ஜிபே போட்டாலும், "இந்த வாரம் சித்தாளுக்கு 6 நாள் போட்டிருக்கேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள்.

கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்ய வேலைச் சான்று கேட்டால் தயங்காமல் எழுதிக் கொடுங்கள். கட்டட அனுமதியின்போது வசூலிக்கும் 1 சதவீத நலநிதி அந்த வாரியத்துக்குத்தான் போகிறது.

எலக்ட்ரீஷியன், பிளம்பர், மோட்டார் கடை

பத்து நிமிடத்தில் முடிந்த வேலைக்கு 300 ரூபாயா என்று மலைப்பவர்கள் உண்டு. அவர் வீட்டிலிருந்து வந்து போகும் நேரம், பெட்ரோல், பையில் இருக்கும் கருவி, எங்கே பழுது என்று பார்த்தவுடன் தெரியும் அறிவு எல்லாம் அந்தத் தொகையில் இருக்கிறது. வந்து பார்த்துவிட்டு "புதுசுதான் வாங்கணும்" என்று சொன்னாலும் வந்த கூலியைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால், அடுத்தமுறை தேவையில்லாத பாகத்தை மாற்றித்தான் அவர் தன் கூலியை எடுக்க வேண்டியிருக்கும். சாமான் கடையில் அவருக்குக் கிடைக்கும் கமிஷனும் இப்படி வந்ததுதான். கூலியை வெளிப்படையாக முழுசாகக் கொடுத்து, சாமானை நீங்களே பில்லோடு வாங்குவது இருவருக்கும் நல்லது.

புது வயரிங் பாயிண்ட் கணக்கு. ஒரு விளக்கும் அதன் சுவிட்சும் சேர்ந்து ஒரு பாயிண்டா, போர்டிலேயே இருக்கும் பிளக் பாதிப் பாயிண்டா, ஏசிக்கான பவர் பாயிண்ட் எவ்வளவு, சுவரில் காடி வெட்டுவதும் திரும்பப் பூசுவதும் யார் என்று நான்கும் பேசுங்கள்.

மோட்டார் காயில் கட்டுவதில் கவனிக்க வேண்டியது செம்பு. புதுக் கம்பி எத்தனை கிலோ போனது என்று தராசில் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய செம்பு உங்களுடையது. கடைக்காரர் வைத்துக்கொண்டால் அதன் விலையைக் கூலியில் கழிக்க வேண்டும், அல்லது அதையும் சேர்த்துத்தான் இந்த விலை என்று சொல்ல வேண்டும். காயில் ஒரே வாரத்தில் மறுபடி கருகினால் உடனே கடையில் போய்ச் சத்தம் போடாதீர்கள். மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸ் போய் மோட்டார் ஓடியிருக்கலாம், தண்ணீர் இறங்கி வறட்டு ஓட்டம் ஓடியிருக்கலாம். அவை அவர் பிழை இல்லை. ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் பிரிவென்டர் ஸ்டார்ட்டரில் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

தென்னை மரம் ஏறுபவர்

மரத்துக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. தேங்காய் பறிப்பது ஒரு வேலை, காய்ந்த மட்டையும் பாளையும் எடுத்துக் கொண்டையைச் சுத்தம் செய்வது இன்னொரு வேலை. இரண்டுக்கும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கரண்டு கம்பி ஓரம், ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்த மரம், உயர்ந்து போன கிழமரம் இவற்றுக்குக் கூடுதல் கொடுக்கத்தான் வேண்டும். மழையில் நனைந்த மரத்தில் ஏறச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். இரண்டு காய் எடுத்துக்கொண்டு போவது வழக்கம். அதைக் கூலியில் பிடிக்காதீர்கள். தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீடு மரம் ஏறுபவர்களுக்கு உண்டு. அவருக்குத் தெரியாவிட்டால் எடுத்துச் சொல்லி, விண்ணப்பம் போட உதவுங்கள்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் விழுந்த மரத்தை அறுக்க ஆள் கிடைக்காமல் தவித்தது நினைவிருக்கும். புயல் நேரத்தில் கூலி ஏறும். இரவு பகலாக உழைப்பவருக்கு அது நியாயம். ஆனால் விலையை வேலைக்கு முன்னே பேசுங்கள். மரத்தை அறுத்துப்போட்ட பிறகு பேசினால் யாருக்கும் திருப்தி இருக்காது.

எந்த விலைக்கும் செய்யச் சொல்லக் கூடாத வேலை

செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்குவதற்கு நியாய விலை என்று ஒன்று கிடையாது. 2013 சட்டம் அதைத் தடை செய்கிறது. உள்ளே இருக்கும் விஷவாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்து. "நானே இறங்குறேன் சார், கூட 500 குடுங்க" என்று அவரே கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். கழிவுநீர் லாரியைத்தான் கூப்பிட வேண்டும்.

வாடகை வண்டி

கும்பகோணத்திலிருந்து நவக்கிரகக் கோயில் சுற்ற வண்டி எடுத்தால் நாள் வாடகை, கிலோமீட்டர், டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் என்று ஐந்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். திருநள்ளாறு இருப்பது புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலில், எனவே பெர்மிட் செலவு சேர்ந்ததா என்பதும் முக்கியம். டிரைவர் சாப்பாடு பேட்டாவில் அடங்கும் என்றாலும், நீங்கள் சாப்பிடும்போது அவரையும் கூப்பிடுங்கள். அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி இரவு 10-க்குத் திரும்பினால் பேட்டாவுக்குமேல் அவர் கையில் தனியாகக் கொடுங்கள். முதலாளிக்குப் போடும் பணத்தோடு சேர்த்துப் போட்டால் அவருக்கு வந்து சேராது.

டீ காசும் இனாமும்

ஓட்டலில் பில்லில் சர்வீஸ் சார்ஜ் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம், மறுத்தால் 1915 எண்ணில் புகார் சொல்லலாம். எடுத்த பணத்தைப் பரிமாறியவர் கையில் கொடுங்கள். மெஸ்ஸில் 120 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 10 ரூபாய், குடும்பத்தோடு உட்கார்ந்து ஆயிரத்துக்குச் சாப்பிட்டால் 50, 60 என்பது கௌரவமான தொகை. இலை எடுத்து மேசை துடைப்பவருக்குப் பெரும்பாலும் யாரும் கொடுப்பதில்லை. அவரையும் பாருங்கள்.

கேஸ் சிலிண்டர் விலையில் வீட்டில் கொண்டுவந்து போடும் கூலியும் சேர்ந்திருக்கிறது. பில்லுக்குமேல் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மாடி ஏற்றித் தந்தால் கொடுங்கள், அது உங்கள் விருப்பம்.

வீட்டு வேலை செய்பவருக்குத் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஒரு மாதச் சம்பளம் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய புடவையை அதற்கு ஈடாகக் கொடுக்காதீர்கள். பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே கொடுத்தால்தான் அவர் வீட்டிலும் துணி எடுக்க முடியும்.

புது வீட்டில் நிலை வைக்கும் அன்று ஆசாரிக்கு வெற்றிலை பாக்குத் தட்டில் வேட்டி துண்டும் தட்சணையும், தளம் போட்ட அன்று எல்லாருக்கும் சாப்பாடு, கிரகப்பிரவேசத்தில் மேஸ்திரிக்கு மரியாதை என்பதெல்லாம் ஊரில் இருக்கிறது. விட்டுப்போவது சித்தாள்தான். அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் அவர் தலையில் ஏறித்தான் வந்தது. அவருக்கும் ஒரு புடவை எடுத்து, மற்றவர்களைப் போலப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுங்கள்.

அரசு ஊழியருக்குக் கொடுப்பது இந்தக் கணக்கில் வராது. மின் இணைப்புக்கோ, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்றோ கேட்டால் அதற்குப் பெயர் லஞ்சம். 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினால் 7 நாளுக்குள் புகார் சொல்ல வேண்டும்.

கல்யாணம்

சமையல் காண்ட்ராக்ட் இலைக்கு இவ்வளவு என்று இருந்தால், இலைக்கட்டு பிரிக்கும்போதே இரு தரப்பிலும் ஒருவர் எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரக் கச்சேரிக்குக் குழுவின் தலைவரிடம்தான் தொகை பேசுவீர்கள். பேசும்போதே தாளம் போடுபவர் வரை எத்தனை பேர் என்று கேட்டு, முகூர்த்தம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாம்பூலத்தில் வைத்துக் கொடுங்கள்.

சமையல் மாஸ்டரிடம் தொகை பேசும்போதே பாத்திரம் கழுவுபவர்கள், இலை எடுப்பவர்கள், காய் நறுக்குபவர்கள் எத்தனை பேர் என்று பட்டியல் கேளுங்கள். அத்தனை பேருக்கும் கவர் போட்டு, பெயர் எழுதி, முதல்நாள் இரவே பெண் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். அவர்கள் கடைசிப் பந்தி முடிந்து பின்கட்டில் அண்டா தேய்த்துக்கொண்டிருப்பார்கள். மண்டபச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன், அந்தப் பெரியவர் பின்கட்டுக்குப் போய் ஒவ்வொரு கவரையும் அவரவர் கையில் கொடுக்க வேண்டும்.